பின்னணி இரைச்சலுக்கு மதிப்பெண்

கதவைத் தட்டியது யாழினி. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிற பெண். சனிக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறியிருந்த நேரம். ஒரு கையில் அவள் அம்மாவின் செல்போன். வியர்வை படாமல் அதைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தாள். இன்னொரு கையில் அறிவியல் புத்தகம். நடந்து வந்ததில் நெற்றிச் சாந்து வழிந்து மூக்குவரை இறங்கியிருந்தது.

"இன்னாம்மா, இந்த வெயில்ல?"

"டீச்சர், உங்க வூட்டுல சத்தமே இருக்காது இல்ல? இங்க உக்காந்து ஒரு ஆடியோ பேசிக்கட்டுமா?"

சத்தம் இருக்காதென்று யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல டீச்சர். மாதிரிக்குன்னு நீங்க ஒரு ஆடியோ பேசி அனுப்பினீங்க இல்ல, அதுல கேட்டோம். பின்னாடி ஒண்ணுமே இல்ல. மிக்சி ஓடல, டிவி ஓடல, யாரும் கூப்புடல. எப்டி டீச்சர் அப்டி ஒரு வூடு இருக்கும்?"

அவள் பொறாமையோடுதான் கேட்டாள். உள்ளே வா என்று கதவை அகலமாகத் திறந்தேன்.

அக்கா கொண்டுபோனவை

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் அக்காவைத் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் தேசூர்க்காரர்கள். அக்காவும் ஆசிரியை, நானும் ஆசிரியை. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆரணியில் சர்ச் காம்பவுண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் ஒன்றாகவே நரைத்தோம்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கர். நல்ல மனிதர். கல்யாணத்தன்று சர்ச்சில் மணப்பெண்ணைப் பார்த்தவர்களைவிட, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தவர்கள்தான் அதிகம். இனி இவள் என்ன செய்வாள் என்று அவர்கள் முகத்திலேயே எழுதியிருந்தது. எனக்கும் அதே சந்தேகம்தான் இருந்தது.

போகும்போது அக்கா மிக்சியையும் ரேடியோவையும் எடுத்துக்கொண்டாள். இரண்டும் அவள் வாங்கியவை, குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடவே வேறு சிலவும் போய்விட்டன. காலையில் பாதி ராகம் விட்டுப்போய் அவள் பாடும் ஞானப்பாட்டு, பொங்கி வழிகிற பாலைத் திட்டுவது, குளியலறையிலிருந்து "ஏய், துண்டு எடுத்தாடி" என்று போடும் கூச்சல். இருந்தவரையில் அதெல்லாம் எனக்குப் பேஜாராகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டுப் பக்கம் தறி கிடையாது. புளியமரமும் கல்லறைத் தோட்டமும்தான். ஊர் முழுக்க விசைத்தறி அடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் காதில் பஞ்சு வைத்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

களம்பூர் ஒன்றும் கண்காணாத தேசமில்லை. பஸ் ஏறி உட்கார்ந்து ஒரு தூக்கம் போடுவதற்குள் இறங்க வேண்டியிருக்கும். ஆரம்பத்தில் தினமும் சாயங்காலம் போன் வரும். "சாப்ட்டியாடி?" என்றுதான் ஆரம்பிப்பாள். போகப் போக வாரத்துக்கு ஒன்றாயிற்று. அப்புறம் அவளுக்கும் ஒரு குடும்பம், விருந்தாளிகள், மாமியார் முறையில் ஒரு கிழவி. நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒருநாள் அடுப்பைத் துடைக்கும்போது யோசித்துப் பார்த்தேன். என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்க இந்த ஊரில் ஒருவரும் மிச்சமில்லை.

சுவரில் ஒட்டிய தரநிலைகள்

அந்த வருடம்தான் பள்ளிக்குத் தொழில்நுட்பத் தரநிலைகள் வந்தன. வந்தன என்றால், பெரிய வண்ண அட்டையாக வந்து ஆசிரியர் அறைச் சுவரில் ஏறிக்கொண்டன. மாணவர் தன் கற்றலைத் தானே திட்டமிட வேண்டும். தகவலைத் தேடிச் சலித்து எடுக்க வேண்டும். பொறுப்போடு இணையத்தில் நடந்துகொள்ள வேண்டும். படைப்பூக்கத்தோடு பிறரிடம் கருத்தைச் சொல்லத் தெரிய வேண்டும். படிக்கப் படிக்க, நாங்கள் ஆசிரியர்களே இதில் எத்தனைக்குத் தேறுவோம் என்று கவலையாக இருந்தது.

பாடத்திட்டக் குறிப்பில் புதிதாக ஒரு கட்டம் முளைத்தது. ஒவ்வொரு பீரியடுக்கும் எதைக் கற்பிக்கிறோம், எப்படி என்பதோடு, எந்தத் தரநிலையைத் தொடுகிறோம் என்றும் எழுத வேண்டும். கணக்கு வாத்தியார் எல்லாக் கட்டத்திலும் "புரொஜெக்டர்" என்று எழுதிவிட்டார். புரொஜெக்டர் ஒரு தரநிலை அல்ல, அது ஒரு டப்பா என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

எனக்கு ஏன் அந்த வேலை என்று கேட்பீர்கள். ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரைப் போட வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் வராந்தாவில் என்னை நிறுத்தினார்.

"நீங்களே பாத்துக்குங்க டீச்சர். மத்தவங்களுக்கெல்லாம் குடும்பம் குட்டின்னு இருக்குது. உங்களுக்கு வூட்டுல என்ன வேலை இருக்கப் போவுது?"

அவர் அதைப் பாராட்டு என்றே நினைத்துச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது என்று சுற்றிப் பார்த்தேன், செருப்புதான் இருந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று. ஒரு பாடத்தை எடுத்து, இதில் பிள்ளை என்ன செய்யும், நான் எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று யோசித்துத் திட்டம் போடுவதில் சாயங்காலங்கள் கழிந்தன. அக்காவின் பாட்டு இருந்த இடத்தில் பாடத்திட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது.

கரண்ட் போன நாள்

கருத்தைச் சொல்லத் தெரிய வேண்டும் என்ற தரநிலைக்காக எட்டாம் வகுப்புக்கு ஒரு வேலை வந்தது. அறிவியல் பாடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புத்தகத்தைப் பார்க்காமல், தம் சொந்தப் பேச்சில் விளக்கி, ஆடியோவாக, மாவட்டத்திலிருந்து கொடுத்த செயலியில் ஏற்ற வேண்டும். நல்ல வேலைதான், நானே யோசித்திருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன்.

மதிப்பீட்டு அட்டவணையில்தான் வினை இருந்தது. கருத்துக்கு மதிப்பெண், மொழிக்கு மதிப்பெண், அப்புறம் "பின்னணி இரைச்சல் இன்மை" என்று ஒரு வரி. இரைச்சல் இருந்தால் அந்த வரிக்குப் பூஜ்யம். அதில் பூஜ்யம் வாங்கினால் செயலி அந்தப் பிள்ளையை "பயிற்சி தேவைப்படுவோர்" பக்கம் தானாகவே தள்ளிவிடும். அங்கே விழுந்தால் மாவட்ட அறிவியல் பேச்சுப் போட்டிக்குப் பெயர் போகாது. நாங்கள் மனசு வைத்துக் கூட்டிப் போடவும் முடியாது, மாவட்டத்தில் இன்னொருவர் கேட்டுச் சரிபார்ப்பார்.

அந்த வரியை எழுதியவர் ஆரணியில் ஒரு நாளாவது தங்கியிருக்க மாட்டார்.

என் வகுப்பில் பாதிக்கு மேல் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். விசைத்தறி ஓடுகிற வீட்டில் பக்கத்தில் இருப்பவரிடம் உப்பு கேட்பதற்கே கத்த வேண்டும். பிள்ளைகள் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். போர்வைக்குள் புகுந்து பேசினார்கள். மொட்டை மாடிக்குப் போனார்கள், அங்கே காற்று. ஒருத்தி பீரோவுக்குள் தலையை விட்டுப் பேசி அனுப்பினாள். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல் மாதிரி இருந்தது, அதன் பின்னாலும் தறி கேட்டது. பள்ளியில் வைத்துப் பேசலாம் என்றால், எங்கள் பள்ளி பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டின் மேல் இருக்கிறது. பிள்ளைகள் செல்போன் கொண்டுவரவும் கூடாது.

இந்தக் கூத்துக்கு நடுவில் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற நாள் வந்தது. அன்று எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் வரவில்லை. ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று தலைமையாசிரியர் பதறிப்போனார். மறுநாள் நிறுத்திக் கேட்டபோது ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"நேத்துதான் டீச்சர் தெருவுல ஒரு தறியும் ஓடல. எல்லாரும் அன்னிக்கே ஜல்தியா பேசி முடிச்சிடலாம்னு வூட்டுலயே இருந்துட்டோம்."

தொடர்புத்திறன் வளர்வதற்காகப் பள்ளிக்கு மட்டம் போட்ட பிள்ளைகள் வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று தெரியவில்லை. தலைமையாசிரியர் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் இரண்டும் செய்யாமல் போனார்.

யாழினிக்கு அன்று அதிர்ஷ்டம் இல்லை. அவள் பேச ஆரம்பிப்பதற்குள் எதிர்வீட்டில் ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள். அதற்கு முன்னால் வீட்டில் பேசி அனுப்பியிருந்த ஆடியோவுக்கு இரைச்சல் வரியில் பூஜ்யம். மாவட்டப் பேச்சுக்குப் போக வேண்டும் என்று வருட ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்த பெண் அவள். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை வெயிலோடு என் கதவுக்கு வந்தாள்.

சனிக்கிழமைக் கூட்டம்

உள் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன், அதுவும் கிர்ரென்றது. அவள் பேசி முடித்து வெளியே வந்து, "சூப்பர் டீச்சர், ஒண்ணுமே கேக்கல" என்றாள். ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நாலைந்து பேர். அதற்கடுத்த வாரம் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. செயலியில் மாதத்துக்கு ஒரு ஆடியோ ஏற்ற வேண்டும், திரும்பத் திரும்பப் பேசி நல்லதை அனுப்பலாம். ஆகவே வாராவாரம் கூட்டம். ஒருவர் உள்ளே பேசும்போது மற்றவர்கள் கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். யாராவது ஒருத்தி களுக்கென்று சிரிப்பாள், அப்புறம் தறிச்சத்தமே தேவலை என்று ஆகிவிடும். உள்ளே இருக்கிற பிள்ளை கதவைத் திறந்து, "கொஞ்சம் சும்மா இருக்கிறீங்களாடி" என்று கத்தும்.

நான் வெள்ளிக்கிழமையே கடலை ஊறப்போட ஆரம்பித்தேன். சுண்டல் தாளிக்கும்போது கை தானாகவே அளவைக் கூட்டியது. புது டம்ளர்கள் வாங்கினேன். பக்கத்து வீட்டு அம்மாள், "இன்னா டீச்சர், டியூஷன் எடுத்துகினு கீறீங்களா?" என்று கேட்டாள். ஒரு கிண்ணம் சுண்டலை நீட்டிப் பேச்சை மாற்றினேன்.

சாயங்காலம் அவர்கள் போன பிறகு கூடத்தைப் பெருக்குவேன். ஒரு ரப்பர்பேண்டு, ஒரு பூ, கடலைத் தோல். நான் சந்தோஷமாக இருந்தேன். இதைப் பூசி மெழுகிச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா போன பிறகு முதல் தடவையாகச் சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டு ஆடியோக்கள்

அரையாண்டுக்குப் பிறகு மாவட்டத்தில் ஒரு மீளாய்வுக் கூட்டம் வைத்தார்கள். மதிப்பீட்டு அட்டவணையில் குறை இருந்தால் ஒருங்கிணைப்பாளர்கள் சொல்லலாம் என்று தகவல் வந்தது.

முதல்நாள் சாயங்காலம், என்ன சொல்வது என்று யோசிக்க யாழினியின் இரண்டு ஆடியோக்களையும் போட்டுக் கேட்டேன். ஒன்று அவள் வீட்டில் பேசியது, பூஜ்யம் வாங்கியது. இன்னொன்று என் வீட்டில் பேசியது. பாடம் இரண்டிலும் ஒன்றுதான், விசையும் அழுத்தமும்.

என் வீட்டில் பேசியதில் குரல் கண்ணாடி மாதிரி தெளிவு. "ஓரலகு பரப்பின் மேல் செங்குத்தாகச் செயல்படும் விசை அழுத்தம் எனப்படும்" என்று ஆரம்பித்து, புத்தகம் எங்கே மூச்சு விடுமோ அங்கே மூச்சு விட்டு முடித்திருந்தாள்.

வீட்டில் பேசியதில் தறி தடதடவென்று ஓடியது. அதற்கு மேல் அவள் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் அவள் அம்மாவின் குரல்: "இந்தக் கத்தி மொக்கையா கீதுன்னு எத்தினி வாட்டி சொல்றது உங்கப்பாகிட்ட!" பிள்ளை அங்கேயே அதைப் பிடித்துக்கொண்டது. "கேட்டீங்களா டீச்சர்? எங்கம்மா வெங்காயம் அரிஞ்சிகினு இருக்காங்க. கத்தி மொக்கைன்னா முனை அகலம். பரப்பு ஜாஸ்தி ஆயிடுது. அதே விசை குடுத்தாலும் அழுத்தம் கம்மி. அதான் வெங்காயம் நசுங்குது, அறுபட மாட்டேங்குது."

தரநிலை கேட்டது இதைத்தான். அதற்குத்தான் பூஜ்யம் கொடுத்திருந்தோம். என் வீட்டுக்கு வந்து அந்தப் பெண் தன் பேச்சை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

சொல்ல வேண்டியது என்ன என்பது தெளிவாகிவிட்டது. அந்த வரியை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டால் பிள்ளைகள் அவரவர் வீட்டிலேயே பேசுவார்கள். சனிக்கிழமை என் வாசலுக்கு ஒருவரும் வர வேண்டியதில்லை. சனிக்கிழமைக்கென்று வாங்கி வைத்திருந்த கடலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

அப்புறம் யாழினியின் அம்மாவுக்குப் போன் செய்து, அந்த ஆடியோவைக் கூட்டத்தில் போட்டுக் காட்டலாமா என்று அனுமதி கேட்டேன். பொறுப்போடு இணையத்தில் நடந்துகொள்வது என்று நானே வகுப்பில் பாடம் எடுக்கிறவள் அல்லவா. "ஐயையோ, என் குரலும் வந்துருக்குதா?" என்று அந்த அம்மாள் முதலில் கூச்சப்பட்டாள். அப்புறம், "போடுங்க டீச்சர், கத்தி மொக்கைன்னு ஊரே சொன்னாத்தான் அந்த மனுசனுக்கு உறைக்கும்" என்றாள்.

கூட்டத்தில் செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஆசிரியர்களெல்லாம் வந்திருந்தார்கள். இரைச்சலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர்கள் ஊரில் ஆரணி மாதிரி வீட்டுக்கு வீடு தறி இல்லை. நடத்திய அதிகாரி சின்னப் பெண், கெட்டிக்காரி. "வேற யாருக்காவது கருத்து இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை, பிள்ளைகளும் என் வீட்டுக்கு வந்து முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அந்த வெங்காயம் மனசை விட்டுப் போகவில்லை. எழுந்துவிட்டேன்.

இரண்டையும் போட்டேன். கத்தி மொக்கை வந்ததும் கூடமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். பிறகு முகம் மாறி, "இன்னொரு தடவை போடுங்க" என்றார். இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

"இந்தச் சத்தமில்லாத ஆடியோ எங்க எடுத்ததுங்க டீச்சர்?"

"எங்க வீட்லங்க."

"அவ்ளோ அமைதியா! குடுத்து வெச்சவங்க நீங்க."

நான் நன்றி சொல்லி உட்கார்ந்தேன்.

யாரும் வராத சனிக்கிழமை

புது அட்டவணை வர அதிக நாள் ஆகவில்லை. "வீட்டு ஒலிகள் இருக்கலாம், மாணவர் சொல்வது புரிந்தால் போதும்" என்று அந்த வரி மாறியிருந்தது. வகுப்பில் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். யாழினியின் பெயர் மாவட்டப் பேச்சுக்குப் போயிற்று. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அவள் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை சுண்டல் செய்தேன். வரமாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் செய்தேன். ஒன்றிரண்டு பேராவது பழக்கத்தில் வருவார்கள் என்று ஒரு நப்பாசை. வெயில் ஏறி இறங்கிற்று. வாசலில் என் செருப்பு மட்டும் கிடந்தது. அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. சொந்த வீட்டில் பேசலாம் என்று நான்தானே வாங்கிக் கொடுத்தேன். சுண்டலைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பாத்திரத்தோடு கொடுத்துவிட்டு வந்தேன். டியூஷன் நின்றுவிட்டதா என்று கேட்டாள். நின்றுவிட்டது என்றேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அந்த மாதத்து ஆடியோக்கள் வந்து விழ ஆரம்பித்தன. செல்போனைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போட்டேன். முக்கால்வாசியில் தறி. ஒரு வீட்டில் குக்கர் விசில். ஒரு வீட்டில் யாரோ யாரையோ சோம்பேறி என்று திட்டினார்கள். அதற்கு நடுவில் பிள்ளைகள் உராய்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் நன்றாகவே பேசினார்கள்.

யாழினியுடையது கடைசியில் வந்தது. பாடத்தைச் சொல்லி முடித்தும் அவள் நிறுத்தவில்லை. தறிக்கு மேல் அவள் அம்மாவின் குரல் கேட்டது.

"யாருக்குடி அனுப்புற, டீச்சருக்கா? சாப்ட்டாங்களான்னு கேளு."

"டீச்சர், எங்கம்மா கேக்கறாங்க, சாப்ட்டீங்களா?"

அதோடு ஆடியோ முடிந்தது.

அந்தச் செயலியில் மதிப்பெண் போடலாம். பதில் அனுப்ப வழி கிடையாது. எல்லா வரிக்கும் முழு மதிப்பெண் போட்டேன். பிறகு செல்போனைப் பார்த்து, "இன்னும் இல்லைம்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அடுப்பைப் பற்றவைத்தேன். ஆடியோக்களை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டு, தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சாப்பிட்டு முடிக்கிறவரையில் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.